மொய் நோட்டையும் ஸ்கேன் பண்ணுங்கள்

எங்கள் பங்காளிகளின் வம்சாவளிப் புத்தகம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கொழுந்தனார் மகன் ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறான். நல்ல காரியம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தங்கள் ஐயா எந்த ஊர், எந்தக் கோவில் என்பதை இனி அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. புத்தகத்தில் பெண்கள் இல்லை. மனைவி என்றால் 'தேவகோட்டையில் கலியாணம்', மகள்கள் என்றால் 'பெண் 2'. என் மாமியார்கூட அதில் ஓர் ஊராகத்தான் இருக்கிறார்.

அச்சடித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நகரத்தார் கணக்கே அப்படி. இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில்களிலும் கலியாணமானால்தான் ஒரு புள்ளி, அதாவது கோவில் கணக்கில் ஒரு குடும்பம். புள்ளி வரி கணவன் பெயரில். பெண் கலியாணத்தோடு கணவன் கோவிலுக்குப் போய்விடுகிறாள். அந்தக் கணக்கை ஒட்டி எழுதிய புத்தகத்தில் அவள் பெயருக்கு ஏது இடம்?

பெயர் இருப்பது வேறு காகிதங்களில். கலியாணத்தில் எழுதும் இசை குடிமானத்தில் இருக்கிறது. சாமான் பட்டியலில் இருக்கிறது. கடைப் பேரேட்டைத் திறந்தால், ஆச்சியின் சீதனப் பணத்தை அவர் பெயரிலேயே வரவு வைத்து வட்டி ஏற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அலமாரியில் ஒரு பழைய மொய் நோட்டு கிடக்கிறது. மேலே பிள்ளையார் சுழி, சிவமயம். கீழே ஊர், விலாசம், பெயர், தொகை. மை பரவிய ஒரு பக்கத்தில், கணக்கப்பிள்ளையின் சாய்ந்த கையெழுத்தில், என் மாமியார் பெயரும் அவருடைய ஆத்தாள் பெயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஊர் புதுவயல். எதிரே ரூ. 5. “அது வெறும் மொய்க் கணக்குத்தானே பெரியாத்தா?” என்கிறான் பையன். அவனுடைய அப்பத்தாளுக்கு ஆத்தாள் யார் என்று அந்த ஐந்து ரூபாய்தான் சொல்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். புத்தகங்களோடு கலியாணப் பத்திரிகை, நோட்டீஸ், கடிதம் என்று எதையும் அவர் தள்ளவில்லை. 1992-இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. மற்ற வீட்டுக் காகிதங்களின் கதை வேறு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்து பாருங்கள். யார் வீட்டு ஐயா, யார் வீட்டு ஆச்சி என்று சொல்ல ஆளில்லாத படங்கள் விலைக்குக் கிடக்கின்றன.

ஸ்கேன் செய்த பக்கத்தைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தட்டச்சு செய்ததை மட்டும் வைத்துக்கொள்ளவும் கூடாது. பேரனுக்கு ஐயா பெயர் வைப்பது நம் வழக்கம். அண்ணன் தம்பி மக்கள் எல்லோருக்கும் அதே பெயர் வரும், விலாசமும் ஒன்றாக இருக்கும். பெயரைப் பார்த்து ஆளைச் சேர்க்கும் மென்பொருள் ஐயாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிடும். பிள்ளை கூட்டிக்கொண்ட, அதாவது தத்தெடுத்த, வீடுகளில் நேர்மாறு: ஒரே ஆள் இரண்டு கிளையிலும் நிற்பார். வருஷமும் லேசுப்பட்டதில்லை. 'பிரமோதூத வருஷம் ஆவணி' என்று எழுதியிருந்தால் 1870-ஆ, 1930-ஆ? மூலப் பக்கத்தின் படம் கூடவே இருந்தால் கையெழுத்தையும் பக்கத்து வரிகளையும் பார்த்துச் சொல்லலாம். வெறும் எண்ணாகத் தட்டச்சு செய்துவிட்டால் தப்பு தப்பாகவே நிலைத்துவிடும்.

உயிரோடு இருப்பவர்கள் விவரம் மட்டும் பொதுவில் வேண்டாம். பிறந்த தேதியும் தாயார் பெயரும் வங்கிக்காரர்கள் நம்மை அடையாளம் காணக் கேட்கிறவை. ஐஸ்லாந்தில் 2003 முதல் நாட்டுக்கே பொதுவான வம்சாவளித் தளம் இருக்கிறது. அதில்கூட அந்நாட்டு அடையாள எண் உள்ளவர்தான் நுழைய முடியும். கலியாணத் தரகருக்கும் கடன் விற்கிறவருக்கும் நாம் ஏன் வாசலைத் திறந்துவைக்க வேண்டும்?

பங்காளிகள் எல்லோரும் கூடுவது முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு. அடுத்த படைப்புக்கு வரும்போது அவரவர் வீட்டுத் தகரப் பெட்டியில் உள்ள மொய் நோட்டையும் இசை குடிமானத்தையும் எடுத்து வாருங்கள். பையன் ஸ்கேனரோடு வருவான். கணக்கப்பிள்ளை எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஆச்சிமார் இரண்டு பேர் அவன் பக்கத்தில் உட்கார வேண்டும். ஒருத்தி நான் இருக்கிறேன், இன்னொருத்தியைத் தேடுங்கள்.