தண்ணிக்குக் கணக்கு இருக்கு, மீனுக்கு?

எங்க டீம்ல ஒருத்தர் ஆன்சைட் முடிச்சுத் திரும்பி வந்தார். எல்லாரும் சாக்லேட் வாங்கிட்டு வருவாங்க, இவர் தூண்டில் வாங்கிட்டு வந்திருக்கார். ஃப்ளை ஃபிஷிங் தூண்டிலாம். புழு, மாவு உருண்டை எதுவும் கிடையாது. முள்ளுல இறகும் நூலும் சுத்தி, பூச்சி மாதிரி ஒரு பொம்மை. அதுக்கு எடையே இல்லை, அதனால கயிறுதான் கனமா இருக்கும். கயிறை முன்னும் பின்னும் வீசினா, அந்த வேகத்துல பூச்சி போய் தண்ணி மேல மெதுவா உக்காரணும். ஓசூர்ல எங்க மொட்டை மாடியில நானும் வீசிப் பார்த்தேன். கேபிள் ஒயர்ல மாட்டினதுதான் மிச்சம் :-)

ஆனா ஆசை பிடிச்சுக்கிச்சு. "ஊட்டி போலாம், அவலாஞ்சி பக்கம் டிரவுட் இருக்கு"ன்னார். ஏறத்தாழ 300 கிலோமீட்டர்.

இந்த டிரவுட் நம்ம மீனே இல்லை. மலைக்கு வந்த வெள்ளைக்காரத் துரைகளுக்கு ஊர் ஞாபகம். 1860கள்லயே கொண்டுவரப் பார்த்துத் தோத்திருக்காங்க. 1907ல் வில்சன்ங்கிறவர் அவலாஞ்சியில பொரிப்பகம் வெச்சு, ரெயின்போ டிரவுட்டை நீலகிரி ஓடைகள்ல விட்டார். வட அமெரிக்க மீன். அதுக்கு நூறு வருஷத்துக்கு மேலா நாம சோறு போட்டிருக்கோம். தப்புன்னு சொல்லலை. ஆனா நம்ம வீட்டுக் கொல்லையில என்ன நடக்குது?

ஓசூர்ல இருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியா போனா பிலிகுண்டுலு. காவிரி தமிழ்நாட்டுக்குள்ள வர்ற இடம். டிவி பார்க்கிற எல்லாருக்கும் இந்தப் பேர் தெரியும், கர்நாடகா விடுற தண்ணியை அங்கதான் அளக்கிறாங்க. அதே தண்ணியில திமில் மகசீர்னு ஒரு மீன் இருக்கு. கெண்டைக் குடும்பம், தலைக்குப் பின்னால மாடு மாதிரி திமில். உலகத்துலயே காவிரியிலும் அதோட கிளை ஆறுகள்லயும் மட்டும்தான். 1946ல் கபினியில ஒருத்தர் தூண்டில்ல பிடிச்சது 120 பவுண்ட், அதாவது 54 கிலோ!

2018ல் ரெண்டு விஷயம் நடந்தது. பிலிகுண்டுலுவில் 177.25 டிஎம்சி விடணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. அதே வருஷம்தான் இந்த மீன் டோர் ரெமாதேவி இனம்னு முடிவாச்சு. கையோட, அழியும் தறுவாயில் இருக்கிற இனங்களோட பட்டியல்லயும் சேர்த்தாங்க.

என்ன ஆச்சு அதுக்கு? மணல், வெடி, அணைன்னு பழகின காரணங்கள் உண்டு. ஆனா எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற. 1970கள்ல இருந்து, மகசீரைக் காப்பாத்துறோம்னு நல்ல மனசோட லோணாவ்லா பண்ணையில வளர்த்த நீலத்துடுப்பு மகசீரைக் காவிரியில விட்டாங்க. அது வேற இனம். அது பெருகிச்சு, திமில் குறைஞ்சது. புரொடக்‌ஷன் சர்வர்ல டெஸ்ட் பண்ணாம பேட்ச் போட்ட கதை.

இது எப்படி வெளிய வந்தது? தூண்டில்காரங்க நோட்டுல இருந்து. மேகேதாட்டுக்கு மேலே கலிபோர் முகாம்ல மீனைப் பிடிச்சு, எடை குறிச்சு, திரும்ப விட்டுடுவாங்க. 1998ல இருந்து 2012 வரைக்குமான கணக்கு. கிடைச்ச திமில் மீன் எண்ணிக்கை வருஷா வருஷம் குறையுது, சராசரி எடை மட்டும் ஏறுது. கிழங்கள் மட்டும் மிச்சம், குஞ்சு வரலைன்னு அர்த்தம். அப்புறம் சரணாலயத்துல மீன் பிடிக்கிறதும் வேட்டைதான்னு முகாம்களை மூடிட்டாங்க. நோட்டும் மூடிக்கிச்சு.

முள் குத்தினா மீனுக்கு வலிக்காதான்னு கேட்பீங்க. வலிக்கும்னுதான் நானும் நினைக்கிறேன். புதுசா தூண்டில் பிடிச்சவன் பேச்சு, அதையும் கழிச்சுக்கோங்க. ஆனா ராத்திரி வெடி போடுறவன் நோட்டுல எழுதி வைக்கிறதில்லை. வனத்துறையே ஆள் வெச்சு, வருஷத்துல சில நாள், கொக்கிமுனை இல்லாத முள்ளோட, பிடிச்சு எண்ணி விடலாமே? உள்ளூர்ப் பரிசல்காரருக்குக் கூலியும் ஆச்சு. தூண்டில் வேண்டாம்னா வேற வழியில எண்ணட்டும். தண்ணிக்குத் தினமும் எண்ணுறோம் இல்லையா, அதே கரையில.

ஊட்டிக்கு வர மாட்டேன்னு சொல்லிட்டியான்னு கேட்காதீங்க. லீவ் அப்ளை பண்ணியாச்சு.