பார்க்க வராதீங்க... தார் சுத்த வாங்க!

யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் நாலு சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவது நம் பழக்கம். போகாவிட்டால்தான் தப்பாகப் பேசுவார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் கீமோதெரபி எடுத்துக்கொள்ளும் பெண்ணைப் பார்க்க இப்படிக் கூட்டமாகப் போவதை மட்டும் நாம் விட்டுவிட வேண்டும் சகோதரிகளே!

அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்று என எட்டு கீமோ எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஆறு முடிந்துவிட்டது.

கீமோ மருந்து, வேகமாக வளரும் செல்களைத் தேடி அழிக்கிறது. புற்றுநோய் செல்லோடு முடியின் வேர், வாயின் உள்தோல், எலும்பு மஜ்ஜை எல்லாமும் அடிவாங்குகின்றன. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. மருந்து ஏறி ஒரு வாரம் பத்து நாளில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ரொம்பக் குறைந்துவிடும். அப்போது மற்றவர்களுக்கு இரண்டு தும்மலோடு போகிற ஜலதோஷம், எங்களுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இரண்டாவது கீமோ முடிந்த அடுத்த வாரம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினைந்து பேர் வந்தார்கள். அதில் ஒருவருக்கு நல்ல சளி. வந்தவர்களை "போங்க" என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் எனக்கு 102 டிகிரி ஜுரம். "கஷாயம் வெச்சுக் குடி, சரியாப் போயிடும்" என்றார்கள் சிலர். நல்லவேளை, 100.4 டிகிரியைத் தாண்டினால் ராத்திரியானாலும் கிளம்பி வரவேண்டும் என்று நர்ஸ் முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் படுத்தேன். அடுத்த கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனது.

வந்தவர்கள் பேசுவது இன்னொரு வேதனை. "எங்க ஊர்ல ஒருத்தி ஆறே மாசத்துல போயிட்டா" என்பார் ஒருவர். "எவ்வளவு நீள முடி... எல்லாம் போச்சே" என்று இன்னொருவர் கண் கலங்குவார். இன்னும் சிலர் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள், ஒட்டிக்கொள்ளுமாம்! இது ஒட்டுகிற நோய் இல்லை. முடியும், சிகிச்சை முடிந்த சில மாதங்களில் திரும்ப வளரும். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டு மனசு விட்டுப்போய், ஒரு பெண் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிட்டால் அந்தப் பாவம் யாரைச் சேரும்?

சரி, அப்படியென்றால் எட்டியே இருந்துவிடுவதா? இல்லை. முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் பட்டுத்தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். என் வீட்டுக்காரர் நெய்வார். நாடாவுக்குள் வைக்கும் தார் சுற்றிக் கொடுப்பது என் வேலை. மருந்துச் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. நின்றுபோன தறிக்கு எந்த அட்டை கூலி கொடுக்கும்? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வாசலில் நின்றபடியே, "நூலைக் கொடு, எங்க வீட்டு ராட்டையில சுத்தித் தரேன்" என்றார். கீமோ போட்டு வந்த வாரமெல்லாம் எங்கள் தறி அவர் கையால்தான் ஓடுகிறது. எதிர்வீட்டுப் பெரியம்மா தாளிக்காத ரசம் சாதம் கொடுத்தனுப்புவார். தாளிக்கிற வாசனையே எனக்குக் குமட்டும் என்பது அவருக்குத் தெரியும். இவர்கள் இருவரும் ஒரு நாள்கூட என் கட்டிலருகே உட்கார்ந்து அழுததில்லை.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அழுதுகொண்டே உட்கார்ந்துவிடாமல், 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அடுத்த வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் கண்மூடும் வரை அதையே வீடாக நினைத்து உழைத்தார். அனுதாபத்தை வேலையாக மாற்றிக் காட்டிய பெண்கள் இவர்கள். நாம் ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம், ஒரு வேளைச் சோறு கட்டிக் கொடுத்தால் போதாதா?

2022-ல் மட்டும் நம் நாட்டில் ஏறக்குறைய 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது சர்வதேச மதிப்பீடு. நாளைக்கு உங்கள் தெருவிலும் ஒருத்தி இருக்கலாம். அவளைப் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, "இன்னிக்கு என்ன வேலை செய்யட்டும்?" என்று கேளுங்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுங்கள், ரேஷன் வாங்கிக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போங்கள். கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்றால், சளி இருமல் இல்லாதபோது தனியாகப் போய், கை கழுவி, ஐந்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

சாத்துக்குடி யார் வேண்டுமானாலும் வாங்கித் தரலாம். அவள் வீட்டு வேலையில் பாதியை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் வேண்டும். நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, முள்ளிப்பட்டு, ஆரணி.