கரைவது ஒன்று, ஒழிவது வேறொன்று

தோடம்பழத் தோலைப் பிழியும்போது தெறிக்கும் எண்ணெய் பட்டால் ரெஜிபோம் பெட்டியில் குழி விழுகிறது. கராம்பு எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் அதனைப் பசையாக்கிவிடும். தேங்காயெண்ணெயோ அதனை அவ்வாறு கரைப்பதில்லை. எல்லாம் எண்ணெய்தானே, ஏன் இந்த வேறுபாடு?

ரெஜிபோம் என்பது காற்றூட்டி உப்பவைத்த பொலிஸ்டைரின். அதன் கனவளவில் 95 வீதத்துக்கும் மேல் காற்றே. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்பது இரசாயனவியலின் பழைய விதி. தோடம்பழத் தோலிலுள்ள லிமொனீனும், கராம்பிலும் கறுவா இலையிலும் உள்ள யூஜெனோலும் சிறிய மூலக்கூறுகள்; இயல்பில் பொலிஸ்டைரினுக்கு நெருங்கியவை. அவை பொலிஸ்டைரின் சங்கிலிகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன. அடைபட்ட காற்று வெளியேற, பெட்டி சுருங்கிவிடுகிறது. தேங்காயெண்ணெயின் மூலக்கூறுகள் பெரியவை. அவ்வளவு எளிதில் உட்புக மாட்டா.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெட்டி மறைந்ததேயன்றி, பிளாஸ்டிக் அழியவில்லை. சங்கிலி எதுவும் அறுபடவில்லை. ஜப்பானின் சோனி நிறுவனம் 1990களில் லிமொனீனில் ரெஜிபோமைக் கரைத்து, அதிலிருந்து பொலிஸ்டைரினை மீளப் பெறும் முறையை உருவாக்கியதே இதற்குச் சான்று.

கண்ணுக்கு மறைந்ததை ஒழிந்ததாக எண்ணும் மயக்கத்தின் விலையைக் கொச்சிக்கடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோர் நன்கறிவர். அவர்களது அயலிலிருந்த புளூமெண்டல் குப்பை மேட்டில் 2009இல் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. ஆனால் கொழும்பின் குப்பை ஒழியவில்லை, மீதொட்டமுல்லைக்குத் திருப்பப்பட்டது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று அந்த மேடு சரிந்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் ரெஜிபோம் உணவுப் பெட்டிகளின் உற்பத்தியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டன.

தடை நன்றே. 2018இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் ஸ்டைரினைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் வரிசையில் உயர்த்தியது. பொலிஸ்டைரினில் எஞ்சியிருக்கும் ஸ்டைரின், சூடான, எண்ணெய்ப் பிடிப்புள்ள உணவில் கூடுதலாகக் கலக்கிறது. புரியாணியும் கொத்துரொட்டியும் அத்தகையவைதாமே!

எனினும் சட்டம் பாதி வழியே செல்லும். ரெஜிபோமை விலக்கிவிட்டு, ஒருமுறை பாவித்து வீசும் வேறொரு பிளாஸ்டிக் பெட்டியில் உணவு கொடுத்தால் சட்டம் காக்கப்படும்; குப்பை குறையாது. மின்சாதனப் பொதிகளோடு வரும் ரெஜிபோமோ அத்தடையில் அடங்கவேயில்லை. அதனை மாநகர சபை தனியே சேகரித்து மீள்சுழற்சிக்கு அனுப்ப வேண்டும். நாமும் கடைக்குப் பாத்திரம் கொண்டுசெல்லும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப வேண்டும். இன்னோர் ஊரின் எல்லையில் குப்பையைக் குவித்துவிட்டு, நகரம் சுத்தமாயிற்று என்று பெருமை கொள்வது நியாயமாகாது.