பட்டறைத் தொழிலாளருக்கும் பாதுகாப்பு

இயந்திரங்களின் ஆபத்தான பாகங்களுக்குத் தடுப்பு அமைக்கப்பட வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு கட்டளையிட்டது. உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் இயந்திரத்தில், உற்பத்தியை விரைவுபடுத்துவதற்காக அத்தடுப்பு அகற்றப்படும்போது, தொழிலாளி விரல்களோடு வாழ்வாதாரத்தையும் இழக்க நேரிடுகிறது. மின்விசையைப் பயன்படுத்தி 10 பேர் பணியாற்றும் இடமே தொழிற்சாலை என்றிருந்த வரையறையை, 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 20 பேராக உயர்த்தியதால், சிறு வெல்டிங் பட்டறைகள் பல தொழிற்சாலைகளுக்குரிய விதிகளின் வரம்பிலிருந்து விலகுகின்றன. திருவனந்தபுரத்தில் தலைமையகம் கொண்டுள்ள கேரளத் தொழிற்சாலைகள், கொதிகலன்கள் துறை, விபத்து நிகழும்வரை காத்திராமல், முன்னறிவிப்பின்றி இப்பட்டறைகளையும் ஆய்வு செய்வதற்கான அதிகாரத்தையும் ஆள்பலத்தையும் மாநில அரசு உறுதிசெய்ய வேண்டும்.