துருவும் வர்ணமும்

பழைய மோட்டார் வண்டியை வைத்துக்கொண்டு ஏன் அல்லற்படுகிறீர் என்று மாதுங்கா நண்பர்கள் நம்மைக் கேட்பதுண்டு. இம்மாதம் அதற்கு விடை எழுதுகிறோம்.

நம் வண்டி 1967இல் குர்லா தொழிற்சாலையில் உருவான பியட் 1100 டிலைட். 1089 சி.சி. எஞ்சின், கியர் கம்பி ஸ்டீயரிங் தண்டிலேயே அமைந்தது. தந்தையார் 1981இல் அதனைப் பழைய வண்டியாகவே வாங்கினார். 2006இல் அவருடைய பார்வை மங்கவே, வண்டி தார்ப்பாய்க்குள் புகுந்தது.

ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தபின், 2013இல் அதனைப் புதுப்பிக்கத் துணிந்தோம். "மேலே பார்க்காதே, முதலில் கீழே படுத்துப் பார்" என்றார் தந்தையார். நாம் கேட்டோமில்லை. தீபாவளிக்குள் முடிக்கும் அவசரத்தில், துருவின்மேல் பட்டி பூசி வர்ணம் அடித்தோம். இரண்டு மாதச் சம்பளம் கரைந்தது, வண்டி பளபளத்தது. கடற்காற்றும் பெருமழையும் உள்ள ஊரல்லவா! இரண்டு மழைக்காலம் சென்றதும் வர்ணம் கொப்புளித்தது. தரைத்தகடு கையோடு பெயர்ந்து வந்தது.

பின்னரே முறையாகத் தொடங்கினோம். அரித்த தகட்டை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்வித்தோம். பெட்ரோல் தொட்டியைக் கழுவினோம். உப்பிய பிரேக் ரப்பர்களையும், உறை வெடித்த ஒயர்களையும் மாற்றினோம். மாதத்துக்கு ஒரு வேலை, கையிலுள்ள பணத்துக்குள். வர்ணம் கடைசியில். இவ்வண்டியின் வழிவந்த பத்மினி டாக்சிகள் அந்நாளில் ஓடிக்கொண்டிருந்தமையால் உதிரி பாகங்கள் கிடைத்தன. 2023 அக்டோபருடன் அவையும் மும்பைச் சாலையை விட்டு நீங்கின; தேவையானவற்றை இப்போதே சேர்த்துவைப்பது நலம்.

எஞ்சின் மீண்டும் உறுமிய அன்று, ஜன்னலருகே அமர்ந்திருந்த தந்தையார், "டாப்பெட் தளர்ந்திருக்கிறது" என்றார். திறந்து பார்த்தோம், அவ்வாறே இருந்தது.

2019 இறுதியில் அவர் மறைந்தார். வண்டி சாலைக்கு வந்தது 2021 தொடக்கத்தில். அவ்வாண்டே, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு மத்திய அரசு தனிப் பதிவு விதி வகுத்தது. முன்பே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, பழுதுபார்த்தல் போன்றவற்றுக்கன்றி அன்றாடம் ஓட்டலாகாது.

வர்ணத்தில் வீணாக்கிய அவ்விரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருப்பின், தந்தையார் ஒருமுறையேனும் முன்னிருக்கையில் அமர்ந்து வந்திருப்பார். அன்பர்களே, வீட்டில் பழைய வண்டியும் அதனை அறிந்த பெரியவரும் இருந்தால், முதலில் அவர் சொல்லைக் கேளுங்கள். பிறகு கீழே படுத்துப் பாருங்கள்.