படிப்பிக்கப் போகுமுன்: கடதாசிகளும் ஊசிகளும்

மாலைதீவில் ஆங்கிலம் படிப்பிக்கப் போகலாமா, அதற்கு என்னென்ன ஆயத்தம் வேண்டும் என்று வாசகிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். போகலாம். அங்கே பாடசாலைகளில் பெரும்பாலான பாடங்கள் ஆங்கில மொழியில் நடக்கின்றன. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்கள் பல காலமாகப் போய் வருகிறார்கள். ஆனால் பல தடவை இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு நேர்முகத் தேர்வை விட, கடதாசிகளையும் ஊசிகளையும் சரிப்படுத்தத்தான் கூடிய காலம் எடுக்கும். வேலை கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே தொடங்குங்கள்.

முதலில் விசா. மாலைதீவில் இறங்கும் வெளிநாட்டவருக்கு 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். இதைக் காட்டித்தான் சில தரகர்கள், "விசா ஒரு பிரச்சினையே இல்லை அக்கா, இறங்கினால் போதும், மிச்சத்தை அங்கே பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். சுற்றுலா விசாவில் வேலை செய்வது சட்டவிரோதம். உங்களை எடுக்கும் பாடசாலைதான் நீங்கள் புறப்படுமுன் வேலை அனுமதி பெற்று அனுப்ப வேண்டும். அதில் உங்கள் பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் சரியா, ஆசிரியை என்றுதான் எழுதியிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். வேறு வேலை எழுதியிருந்தால் ஏறாதீர்கள். கணினி வேலை என்று நம்பிச் சுற்றுலா விசாவில் தாய்லாந்துக்குப் போன இலங்கையர் பலர் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, 2024இல் மீட்கப்பட்டதை மறக்க வேண்டாம். தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்று யாரும் சொன்னாலும் யோசியுங்கள். அந்த நாட்டின் மொழி ஆசிரியர் விசா, ஆங்கிலத்துக்கு அமெரிக்கா, பிரித்தானியா போன்ற சில நாடுகளின் குடிமக்களுக்கே பொதுவாகக் கிடைக்கும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் ஆங்கிலம் குறைந்தது என்பதல்ல, அவர்கள் போட்ட சட்டம் அப்படி.

எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும் புறப்படுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டும். முகவர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

அடுத்து பிறப்புச் சான்றிதழ். 1960இலிருந்து பதியப்பட்ட பிறப்புகளின் பிரதியைத் தீவின் எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பித்துக் கேட்கலாம். பிறந்த ஊருக்கே அலைய வேண்டியதில்லை. பிறப்பே பதியப்படவில்லை என்றால் காலங்கடந்த பதிவுக்கு மேலதிக மாவட்டப் பதிவாளரைக் காண வேண்டும். இது மாதக்கணக்கில் இழுபடும். க.பொ.த. சான்றிதழ் தொலைந்தவர்கள் பரீட்சைத் திணைக்களத்தில் பெறலாம். பெரிய தலைவலி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் இன்னோர் எழுத்து, பரீட்சைச் சான்றிதழில் தகப்பன் பெயர், பிறகு கணவன் பெயர். இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி இங்கே பல இடங்களில் செல்லும். வெளிநாட்டில் செல்லும் என்று நம்பியிருக்க முடியாது. கடவுச்சீட்டு எடுக்குமுன் பெயரைத் திருத்துவதே மேல். யாழ்ப்பாணத்தில் 2025 செப்டெம்பரில் கடவுச்சீட்டு அலுவலகம் திறக்கப்பட்டதால், வடக்கில் உள்ளவர்களுக்கு வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகும் செலவு மிச்சம்.

இனி, வேறு எவரும் எங்களுக்குச் சொல்லித்தராத ஒன்று. வேலை விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சை எக்ஸ்-ரே எடுப்பது பல நாடுகளில் வழமை. உடம்பில் செல் துண்டு இருந்தால் அது படத்தில் வெள்ளையாகத் தெரியும். அங்குள்ள வைத்தியருக்கு அது என்னவென்று விளங்காமல் மேலும் சோதனை, மேலும் தாமதம் என்றாகும். காயத்துக்குச் சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் அட்டை இருந்தால் பிரதி எடுங்கள். இல்லாவிட்டால் இங்கேயே ஒரு எக்ஸ்-ரே எடுத்து, இது பழைய காயத்தின் உலோகத் துண்டு என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்று எங்கே சொன்னாலும், உள்ளே உலோகம் இருக்கிறது என்று முதலில் சொல்லிவிட வேண்டும். காந்தத்தால் துண்டு அசையக்கூடும். முன்பு காசநோய்க்கு மருந்து எடுத்து முடித்தவர்களுக்கு நெஞ்சில் தழும்பு தெரியலாம். மார்புநோய் சிகிச்சை நிலையத்தில் சிகிச்சை முடித்ததற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊசிகளுக்கு வருவோம். இலங்கையிலிருந்து நேரே மாலைதீவுக்குப் போகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்பதில்லை. ஆபிரிக்க, தென்னமெரிக்க நாடுகள் சிலவற்றுக்கு அது கட்டாயம். கொழும்பு பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் போடுகிறார்கள். போட்டு 10 நாட்களின் பின்னரே சான்றிதழ் செல்லும். 2016 ஜூலையிலிருந்து அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடியாகிறது.

கட்டாயமில்லாவிட்டாலும் போட வேண்டியவை உண்டு. ஈரல் அழற்சி பி தடுப்பூசி இங்கு குழந்தைகளுக்கு 2003இல்தான் தொடங்கியது. ஆகவே இதை வாசிக்கும் உங்களில் பலர் போட்டிருக்க மாட்டீர்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, முதலாவதிலிருந்து ஆறாம் மாதத்தில் மூன்றாவது. இடையில் பயணம் வந்தால் எஞ்சியதை அங்கே போடலாம், முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. பிள்ளைகளோடு பழகப் போகிறவர்களுக்கு ருபெல்லாவும் முக்கியம். 1996இல் பெண்களுக்கு அது கொடுக்கத் தொடங்கிய காலத்தில் காடும் முகாமுமாக அலைந்தவர்கள் தவறவிட்டிருக்கலாம். அட்டை இல்லை, ஞாபகமும் இல்லை என்றால் மறுபடி போடுவதில் தீங்கில்லை. கர்ப்பமாக இருந்தால் மட்டும் கூடாது, போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமலும் பார்க்க வேண்டும். உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரித்து, திகதியும் கையொப்பமும் உள்ள அட்டை கேட்டு வாங்குங்கள்.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்குமுன் பார்க்க வேண்டியவை அடுத்த இதழில்.