கணக்கு கேட்க வேண்டியது அனுப்பியவர்களிடம்

இலங்கையில் உயிரிழந்த இந்திய அமைதிப்படை வீரர்களுக்கு, 2025 நவம்பரில் டெல்லி தேசியப் போர் நினைவகத்தில் ராணுவம் முதல்முறையாக அதிகாரப்பூர்வமாக அஞ்சலி செலுத்தியது. அதுவரை அந்தப் படையிலிருந்து திரும்பி வந்தவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் தாங்களாகவே கூடி, தாங்களாகவே மலர் வைத்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். அரசு வந்து அவர்கள் பக்கத்தில் நிற்க 38 ஆண்டுகள் பிடித்திருக்கிறது. தாமதமானாலும் நடந்ததே என்று பாராட்டுகிறவர்கள் பாராட்டட்டும். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. டெல்லி 38 ஆண்டுகள் தாமதித்தது. அந்தப் படை கப்பலிலிருந்து இறங்கிய ஊரான சென்னையோ இன்னும் வாயே திறக்கவில்லை.

ஒரே ஒரு ஒப்பீட்டைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 1999 கார்கில் போரில் நாம் இழந்த வீரர்கள் 527 பேர். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இழந்தவர்கள் 1,100 பேருக்கும் மேல். கார்கிலைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். காயம்பட்டவர்கள் ஏறக்குறைய 3,000 பேர்; கண்ணிவெடியில் கால் போனவர்களும் அதில் அடக்கம். 32 மாதங்கள் நீடித்த அந்தப் பணியில் மாதத்துக்குச் சராசரியாக முப்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அதாவது, தினம் ஒரு வீட்டுக்குத் தந்தி போயிருக்கிறது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கல்லூரிக்கு வேண்டுமானாலும் போய்க் கேட்டுப் பாருங்கள். கார்கில் தெரியாத மாணவர் இருக்க மாட்டார். ஜூலை 26 அவர்களுக்குத் தெரியும். திராஸில் நினைவிடம் இருப்பது தெரியும், படங்கள் வந்தது தெரியும், டைகர் ஹில் தெரியும். கார்கில் குடும்பங்களுக்கென்று பெட்ரோல் பங்க், கேஸ் ஏஜென்சி ஒதுக்கத் தனித்திட்டமே வந்தது. வந்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னும் கூடுதலாகவே கொடுத்திருக்கலாம். ஆனால் அதே மாணவரிடம், யாழ்ப்பாணத்தில் நம் படை நடத்திய ‘ஆபரேஷன் பவன்’ என்று சொல்லிப் பாருங்கள். அங்குள்ள கோண்டாவில், கந்தரோடை, பலாலி என்று சொல்லிப் பாருங்கள். விழிப்பார்கள். இரண்டு இடத்திலும் செத்தது ஒரே ராணுவம், ஒரே சீருடை, ஒரே சம்பளம். கார்கிலில் நாடு ஒன்றாக நின்றது, வென்றது. இலங்கை விஷயத்தில் நாடு பிளந்து நின்றது, கடைசியில் வெறுங்கையோடு திரும்பியது. சங்கடம் அனுப்பியவர்களுடையது. அதற்கான விலையைப் போனவர்கள் கட்டினார்கள்.

அனுப்பியவர்கள் யார்? 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழர்களுக்குப் பாதுகாப்பாக என்று சொல்லித்தான் படை போனது. யாழ்ப்பாணத்து மக்கள் முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி அதே படை விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியிருந்தது. அந்தப் புலிகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்ததும் இந்திய அரசின் உளவு அமைப்புதான். ஒரு கையால் பயிற்சி கொடுத்துவிட்டு, அவர்களுக்கு எதிரே தன் பிள்ளைகளையே கொண்டுபோய் நிறுத்திய அரசை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. சில நாட்களில் முடிந்துவிடும் என்று தலைநகரில் நம்பினார்கள். ஜவான்கள் கையில் ஒவ்வொரு குண்டாகச் சுடும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கி, எதிரே ஏ.கே.47. நகரத்தின் சரியான வரைபடம்கூடத் தங்களிடம் இல்லை என்று அதிகாரிகளே பின்னாளில் சொன்னார்கள்.

அக்டோபர் 11 நள்ளிரவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் நடந்ததை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகாப்டரில் கமாண்டோக்களும், அவர்களோடு 13-ஆவது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் வீரர்களும் இறங்குவதாகத் திட்டம். வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுப் புலிகள் முன்கூட்டியே காத்திருந்தார்கள். முதல் நடையில் சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரியின் 30 பேர் இறங்கினார்கள். கடும் துப்பாக்கிச் சூட்டில் ஹெலிகாப்டர்கள் சேதமடைந்தன. அவர்களுக்குப் பின்னால் வரவேண்டிய மிச்சப் படை வரவேயில்லை. வெட்டவெளி மைதானம், சுற்றிலும் கட்டடம். விடிந்தும் சண்டை நடந்தது. தோட்டா தீரும்வரை சுட்டார்கள். 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். இந்த முப்பது பேரில் ஒருவராவது இந்தப் போர் சரியா தவறா என்று வாக்களித்தவரா? பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தவரா? இறங்கு என்றார்கள், இறங்கினார்கள்.

மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரனையும் சொல்ல வேண்டும். பம்பாயில் பிறந்த தமிழர், 8-ஆவது மஹார் பட்டாலியன். 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் வேட்டை முடித்துத் திரும்பும்போது கந்தரோடையில் பதுங்கித் தாக்கப்பட்டார். நெஞ்சில் குண்டு பாய்ந்த நிலையிலும் சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனையே சுட்டு வீழ்த்திவிட்டு, தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே உயிர்விட்டார். இலங்கைப் பணிக்காகப் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர். சென்னை சாலிகிராமத்தில் ஆற்காடு சாலையில் ‘பரமேஸ்வரன் விஹார்’ என்று ராணுவக் குடியிருப்பு இருக்கிறது. தினமும் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் அது யாருடைய பெயர் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? ஒரு தமிழன், தமிழ் மண்ணில், தமிழனின் குண்டுக்கு இறந்தான். தமிழ்நாட்டு அரசியலில் இதை எந்த மேடையில் வைப்பது என்று எவருக்கும் தெரியவில்லை. அதனால் எங்குமே வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

1990 மார்ச் 24 அன்று அமைதிப்படையின் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னைத் துறைமுகத்தில் நடந்த வரவேற்புக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலைப்பாடு. அந்தக் கோபம் பொய்க் கோபமில்லை. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனைக்குள் நுழைந்த இந்தியப் படை மருத்துவர்கள், செவிலியர்கள், நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் கொன்றது. 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள். இவற்றுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. இதை மறைத்துவிட்டு அமைதிப்படையைப் பற்றி எழுதுகிறவன் நேர்மையானவன் அல்ல.

ஆனால் அந்தக் கோபம் எங்கே போய் இறங்கியது? ஒப்பந்தம் போட்ட ராஜீவ் காந்தியின் கட்சியோடு திராவிடக் கட்சிகள் இரண்டும் அதற்குப் பிறகும் கூட்டணி வைத்தன. கொள்கை வகுத்த தூதர்களும் தளபதிகளும் புத்தகம் எழுதினார்கள், ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள். ராஜீவ் கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது, தலைவர்கள் ஆண்டுதோறும் போகிறார்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கிய ஜவானுக்கு மட்டும்தான் தமிழ்நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்பி அடிக்க முடியாதவனிடம் காட்டிய கோபம் அது. அதைக் கொள்கை உறுதி என்று இன்றும் கொண்டாடுகிறவர்களோடு வாதம் செய்ய எனக்கு நேரமில்லை. மருத்துவமனையில் சுட்டவனும் பல்கலைக்கழக மைதானத்தில் செத்தவனும் ஒரே ஆள் இல்லை என்ற சின்ன உண்மையைக்கூடப் பார்க்க மறுப்பவர்கள் அவர்கள்.

மறுபக்கத்துக் கூட்டம் இதைவிட ஆபத்தானது. துப்பாக்கிச் சத்தம் கேட்ட மறுநொடி, ‘ராணுவம் களத்தில் நிற்கிறது, யாரும் கேள்வி கேட்காதே’ என்று கிளம்பிவிடுகிறார்கள். போரைக் கேள்வி கேட்டால் வீரனை அவமதிப்பதாம். அப்பட்டமான மோசடி இது. வீரனை முன்னால் நிறுத்தி, அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அமைச்சர்கள் கண்டுபிடித்த வாதம். 1987 அக்டோபரில் நாட்டின் எதிர்க்கட்சிகளும் பத்திரிகைகளும் விடாமல் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இருந்தன: எதற்காக இந்தப் போர்? எவ்வளவு நாள்? என்ன ஆயுதம்? எப்போது திரும்புவது? பதில் கேட்டு நெருக்கியிருந்தால் அந்தப் பணி 32 மாதம் இழுத்திருக்காது. இன்னும் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். போரை எதிர்த்து அன்று குரல் கொடுத்தவர்கள்தான் அந்த ஜவான்களின் உண்மையான ஆதரவாளர்கள். கைதட்டியவர்கள் அல்ல.

கைதட்டுகிறவர்களின் பாசம் எவ்வளவு தூரம் வரும் என்பதை நீதிமன்றங்களில் பார்க்கலாம். 2013 ஜனவரியில் ஜம்மு காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே கடும் குளிரில் ரோந்து போன ஒரு வீரர் இறந்தார். முதலில் அதைப் போர்க்கள இழப்பு என்று பதிந்தவர்கள், பிறகு வகையை மாற்றினார்கள். அவர் மனைவிக்குக் கூடுதல் குடும்ப ஓய்வூதியம் கொடுக்க ராணுவத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம்வரை போய் அதை எதிர்த்தது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் மனுவைத் தள்ளி, அந்தப் பெண்ணை இவ்வளவு தூரம் இழுத்தடித்ததற்காக 50,000 ரூபாயை அவருக்குக் கொடுக்கச் சொன்னது. மேடைதோறும் ராணுவத்தின் பெயரைச் சொல்லி வாக்கு கேட்கிற அதே அரசுதான், ஒரு விதவைக்கு எதிராக வக்கீல் வைத்து வாதாடியது. 2015 ஆகஸ்ட் 14 அன்று, சுதந்திர தினத்துக்கு முதல் நாள், ‘ஒரே பதவி ஒரே ஓய்வூதியம்’ கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் படைவீரர்களைப் போலீஸ் பிடித்து இழுத்ததையும் நாடு பார்த்தது. பதக்கம் குத்திய சட்டையோடு அவர்கள் தள்ளப்பட்ட காட்சி தொலைக்காட்சியில் ஓடியது.

வீரனை ஆதரிப்பது வேறு, போரை ஆதரிப்பது வேறு என்பதை அமெரிக்கா வியட்நாமில் அடிபட்டுக் கற்றுக்கொண்டது. அந்தப் போரால் வீடு வீடாகப் பிளந்துகிடந்த நாடு அது. போர் முடிந்து ஏழே ஆண்டுகளில், 1982-இல், வாஷிங்டனில் கறுப்புக் கல் சுவர் எழுந்தது. பணம் திரட்டியவர்கள் போரிலிருந்து திரும்பிய வீரர்கள். 58,000 பெயர்கள் இறந்த வரிசைப்படி. போர் சரி என்றும் அதில் எழுதவில்லை, தவறு என்றும் எழுதவில்லை. போரை எதிர்த்து வீதியில் நின்றவரும் அங்கே போய்த் தன் பள்ளித் தோழன் பெயரைத் தொட்டுப் பார்க்க முடிகிறது.

நம் வீரர்களுக்கு என்று தனியாக ஒரு நினைவிடம் எழுந்தது எங்கே தெரியுமா? கொழும்பில், இலங்கை நாடாளுமன்றத்துக்கு அருகில், 2008-இல். அந்தப் படையை வெளியேறச் சொன்ன நாடு அது. அந்நாட்டின் அதிபர் பிரேமதாச, நம் வீரர்களோடு சண்டை போடப் புலிகளுக்கு ஆயுதமே கொடுத்தார். அப்படிப்பட்ட நாடு பெயர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. பிரதமர் மோடி 2015-லும் 2025-லும் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். சொந்த வீரனுக்கு மாலை போட நம் பிரதமர் கடல்தாண்டிப் போக வேண்டியிருந்தது.

2025 மே 10 அன்று, ஆபரேஷன் சிந்தூரை ஒட்டி, இந்திய ராணுவத்துக்கு ஆதரவாக அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னைக் கடற்கரைச் சாலையில் பேரணி நடத்திப் போர் நினைவுச் சின்னம்வரை நடந்தார். நடந்ததை நான் வரவேற்கிறேன். நாடே ஒரே பக்கம் நிற்கிற நாளில் அப்படி நடப்பது எளிது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்னத்திலிருந்து துறைமுகம் நடந்துபோகிற தூரம்தான். 1990-இல் போகாத அந்தத் தூரத்தை இனியாவது ஒரு தமிழக முதல்வர் போக வேண்டும்.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் சரி. வருகிற மார்ச் 24 அன்று முதல்வர் சென்னைத் துறைமுகத்துக்குப் போகட்டும். இலங்கையில் இறந்த தமிழ்நாட்டு வீரர்களின் குடும்பங்களை அழைத்து, அவர்கள் பெயர்களைச் சபையறிய வாசித்து, அங்கே ஒரு கல்வெட்டு வைக்கட்டும். அதே நாளில், யாழ்ப்பாணம் மருத்துவமனையிலும் வல்வெட்டித்துறையிலும் என்ன நடந்தது என்ற ராணுவப் பதிவேடுகளை வெளியிடச் சொல்லி டெல்லிக்குச் சட்டமன்றத் தீர்மானம் அனுப்பட்டும். முதலாவதைச் செய்ய மறுக்கிறவர்கள் இரண்டாவதைக் கேட்கத் தகுதியில்லாதவர்கள். இரண்டாவதைக் கேட்க அஞ்சுகிறவர்கள் முதலாவதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம்.